அக்காவும் குடைக்காரனும்

என் அக்கா இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். மீதிப் பாதியில் நானும் ஒருவன்.

எனக்கு நாற்பது வயதாகிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. போக வர பஸ்தான். சொந்த அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்தும்போது தம்பி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறானே என்று கேட்காத ஆளே கிடையாது. அவளிடம் கேட்டால், "அவனுக்குக் கவனம் பத்தாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். லென்ஸ் மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அந்த வேலையை வருஷக்கணக்காகச் செய்கிற எனக்குத்தான் கவனம் பத்தாதாம்.

அவளுடைய பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. மற்ற ஆசிரியர்கள் அதை ஆபத்துக்கு வைத்திருப்பார்கள். அக்காவுக்கு எல்லாமே ஆபத்துதான். முன்னால் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலும் அவள் கால் இறங்கிவிடும். அவளிடம் படித்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'டபுள் பிரேக்'. அது அவளுக்கும் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு, ஏனென்றால் அவளிடம் படிக்கும்போது இதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. வேறு யாராவது ஓட்டும் வண்டியில் ஏறினால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வருவாள். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் மிதிப்பதுண்டு.

இந்த பிரேக் முதலில் விழுந்தது என் மேல்தான். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மாறி மாறி ஷிஃப்ட். என்னைவிட ஏழு வயது மூத்த அக்காதான் என்னைக் கட்டி மேய்த்தாள். அவள் புண்ணியத்தில் எனக்கு நீச்சல் தெரியாது, மரம் ஏறத் தெரியாது, அடிதடி தெரியாது. தெருவில் எவனாவது என்னைத் தள்ளிவிட்டால், நான் அழுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்குள் அவள் அவன் சட்டையைப் பிடித்திருப்பாள். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அந்த நாளில் மாமா ஒருவர் தன் பழைய கம்ப்யூட்டரை எங்களுக்குத் தள்ளிவிட்டார். அதற்குள்ளேயே ஒரு விளையாட்டு இருந்தது. உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை. வாயில் நுழையாத நீளப் பெயர் அதற்கு. திரையில் எங்கே பார்த்தாலும் தூசியாக இருந்ததால் நாங்கள் அதை 'தூசி' என்போம். மழை நின்று, நகரங்கள் எரிந்து, மிச்சமிருக்கிற கொஞ்சம் பேர் ரயில் சுரங்கத்துக்குள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவர நம் ஆள் வெளியே கிளம்ப வேண்டும். வழியில் கொள்ளைக்காரர்கள், வெறிநாய்கள், ஆட்கள் கைவிட்டுப் போன பம்ப் நிலையங்கள். சண்டை வந்தால் நம் முறை, அவர்கள் முறை என்று சதுரங்கம் போல மாறி மாறி நடக்கும். அவசரமே கிடையாது, மவுஸ் ஒன்று இருந்தால் போதும். அந்த மவுஸ் எப்போதும் அக்காவிடம். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அங்கே ஆள் இருக்கிறான், இங்கே கதவு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

வழியில் பார்க்கிற ஆட்களைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அந்த விளையாட்டின் விசேஷம். அதில் ஒருவன் ஒல்லியான மெக்கானிக். நெளிந்த இரும்புத் தகடு ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே திரிவான். குடைக்காரன் என்று நாங்களே பெயர் வைத்தோம். நானும் வருகிறேன் என்று வந்து நிற்பான். அக்கா 'வேண்டாம், போ' என்ற பதிலை அழுத்துவாள். ஏன் என்று கேட்டால், "செத்துப்போவான்டா. அதை வேற பாக்கணுமா?" என்பாள். ஒற்றை ஆளாகவே ஆட்டத்தை முடித்தாள்.

அந்தக் கதை முடிகிற இடத்திலிருந்து மேலே நடக்கிற மாதிரி பிறகு மூன்று கூடுதல் பாகங்கள் வந்தன. எக்ஸ்பான்ஷன் என்பார்கள். கடைக் கண்ணாடி வழியாக அட்டைப் படத்தைப் பார்த்ததோடு சரி. அதையெல்லாம் ஓட்ட மாமாவின் கம்ப்யூட்டருக்குத் தெம்பில்லை. அப்புறம் அக்கா டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷத்தில் அதைத் தானே எடுத்து நடத்தினாள். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தாள், தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். 'தூசி' எங்கள் இருவர் நினைவிலும் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. பெடல் மிதிக்கிற கால் வீங்கத்தான் செய்யும் என்று சொல்லி ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கிக்கொண்டாள். மூச்சு வாங்கி, வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகங்களும் கிட்டத்தட்ட வேலையை நிறுத்தியிருந்தன. ரத்த அழுத்தத்தை வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டதன் பலன். ஊருக்கெல்லாம் பிரேக் போட்டவள் தன் உடம்பை மட்டும் அது பாட்டுக்கு ஓடவிட்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெரிய செருப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

வாரம் மூன்று நாள் மத்தியானம் டயாலிசிஸ் என்று ஆயிற்று. அவள் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. வகுப்புகளை எல்லாம் காலைக்கு மாற்றினாள். மெஷினிலிருந்து எழுந்து வந்த மறுநாள் விடிந்ததும் பயிற்சி வண்டியில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் டாக்டரம்மா அவளை ஏமாற்றவில்லை. மெஷின் இன்னும் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் ஓடும், உங்கள் இதயம்தான் அதோடு சேர்ந்து ஓடாது, ஏற்கெனவே களைத்துவிட்டது என்றார். சீக்கிரம் மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவது நல்லது, கூடப்பிறந்தவர் கொடுத்தால் ரொம்ப நல்லது என்றும் சொன்னார். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்த வகை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"இவன் கிடையாது. வேற வழி சொல்லுங்க."

வேறு வழி என்பது இறந்தவர்களிடமிருந்து வருவதற்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. அவளுக்கு முன்னால் ஒரு கூட்டமே காத்திருந்தது. பரவாயில்லை, நானும் காத்திருக்கிறேன் என்றாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. உனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், படிக்கிற பெண் இருக்கிறாள், எனக்காக உன் உடம்பில் கத்தி வைத்துக்கொள்ளாதே என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

டயாலிசிஸ் கூடம் நீளமானது. இரண்டு பக்கமும் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆளுயர மெஷின். உள்ளே போனதும் எடை பார்ப்பார்கள். இடது கையில் இரண்டு ஊசி போட்டு, ஒரு குழாயில் ரத்தத்தை வெளியே எடுத்து இன்னொன்றில் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கையை அசைத்தால் மெஷின் அலறும். அங்கே இருந்த சிஸ்டர் மெஷினைவிடச் சத்தமாக அலறுவார். கூட ஒரு ஆள் உட்காரலாம். நான் கடையில் பேசி, அந்த மூன்று நாளும் காலை சீக்கிரமே போய் வேலையை முடித்துக்கொண்டு மத்தியானம் இவளோடு உட்கார்ந்தேன். அக்காவின் நாற்காலி ஜன்னலோரம். கீழே வாகனம் நிறுத்துமிடம் தெரியும். யாராவது தப்பும் தவறுமாகப் பின்னால் எடுத்தால் இவள் கால்வைக்கும் பலகையை மிதிப்பாள். பக்கத்து நாற்காலியில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். இவளால் அவருக்கு மெஷின் ஓடுகிற நாலு மணி நேரமும் தூக்கம் போயிற்று.

அவளுக்கு ஏதாவது வேலை கொடுத்தால்தான் கூடம் பிழைக்கும் என்று தோன்றியது. இணையத்தில் தேடியபோது 'தூசி' அகப்பட்டது. மூல ஆட்டமும் மூன்று கூடுதல் பாகங்களும் ஒன்றாகச் சேர்த்துச் சல்லிசாகக் கொடுத்தார்கள். என் பழைய லேப்டாப்பிலேயே ஓடியது. வலது கை ஒன்று போதும் என்பதுதான் முக்கியம். அவள் மடிப்பலகையில் லேப்டாப்பை வைத்து மவுஸைக் கொடுத்தேன். சின்னப் பிள்ளைகளா நாம் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே மவுஸைப் பிடித்தாள். பிடித்த பிறகு ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஆடலாம். ஆனா கிட்னிங்கற வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துச்சுன்னா, அன்னைக்கே மூடி வச்சுடுவேன்."

நான் ஒத்துக்கொண்டேன். இந்த உடன்படிக்கை எத்தனை நாள் நிற்கும், பார்க்கலாம் என்றுதான் ஒத்துக்கொண்டேன். விட்டுவிடுகிற எண்ணம் எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. பிடிவாதத்தில் நான் அவள் தம்பிதான்.

முதல் நாள் இருவருக்கும் பெரிய ஏமாற்றம். இவ்வளவு அசிங்கமாகவா இருந்தது என்றாள். ஆட்களெல்லாம் தீப்பெட்டியை அடுக்கிச் செய்த மாதிரி இருந்தார்கள். நாங்கள் பயந்து நடுங்கிய வெறிநாய் இப்போது சப்பையாக ஒரு ஓரத்திலிருந்து நகர்ந்து வந்தது. ஆனால் இரண்டாவது நாளே அசிங்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. எந்தப் பம்ப் நிலையத்தில் எந்த அறையில் மருந்து இருக்கும் என்பது அவள் கைக்கு இன்னும் நினைவிருந்தது. தபால்காரர் தூக்கத்தை விட்டுவிட்டு எங்கள் திரையைப் பார்க்க ஆரம்பித்தார். குடைக்காரன் வந்து நின்றான். அக்கா பழையபடி அவனைப் போகச் சொன்னாள். மூல ஆட்டத்தை முடித்து முதல் கூடுதல் பாகத்துக்குள் போனோம். வற்றிப்போன துறைமுகம், மண்ணில் சாய்ந்து கிடக்கும் கப்பல்கள். அடுத்தது பனிமலை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அட்டையில் மட்டும் பார்த்த இடங்களுக்குள் அக்கா நடந்து போனபோது நான் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டேன். அவள் தன்னந்தனியாகவே எல்லாவற்றையும் ஜெயித்தாள்.

எல்லா நாளும் ஆட முடியவில்லை. சில நாள் நடுவிலேயே ரத்த அழுத்தம் இறங்கி அவள் முகம் வெளுத்துவிடும். சிஸ்டர் ஓடிவந்து நாற்காலியைச் சாய்ப்பார். கண் சொருகுகிற நேரத்திலும் அக்கா என்னிடம், "சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்பாள். ஒரு வாரம் நுரையீரலில் நீர் கோத்து வார்டிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் அக்கா நினைக்கிற அளவுக்கு அவகாசம் இல்லை என்றார். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். கிட்னி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆட்டத்தை எங்கே சேவ் பண்ணினோம் என்று கேட்டாள் அவள்.

மூன்றாவது பாகம் ஒரு அணைக்கட்டு. உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் கதை முழுதாக முடியும். அணையின் இரு முனையிலும் தலா ஒரு இரும்புச் சக்கரம். எல்லார் முறையும் ஒரு தரம் வந்துபோவதற்குள் இரண்டையும் திருப்பினால்தான் மதகு திறக்கும். அக்கா ஒற்றை ஆளாக என்னென்னவோ செய்து பார்த்தாள். ஒன்றைத் திருப்பிவிட்டு மறுமுனைக்கு ஓடினாள். வேகம் கூட்டுகிற மருந்து குடித்துவிட்டு ஓடினாள். பாதி தூரம் போவதற்குள் முதல் சக்கரம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. இங்கே துணை ஆள் இல்லாமல் ஆகாது என்று ஆட்டத்தைத் தெரிந்தவர்கள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்று ஒரு தரம் அனுப்பிய ஆள் அந்த விளையாட்டில் திரும்பி வரமாட்டான். இவள் எல்லாரையும் அனுப்பியிருந்தாள்.

இத்தோடு விடுவாள் என்று நினைத்தேன். "சரி, முதல்லேர்ந்து" என்றாள். தபால்காரர் வாயைப் பிளந்தார்.

இந்தத் தடவை குடைக்காரன் வந்து நின்றதும், மூக்கைச் சுளித்துக்கொண்டு, 'கூட வா' என்று அழுத்தினாள். ஆனால் அக்கா அக்காதானே. துணை ஆளுக்கு உத்தரவு கொடுக்க இரண்டே பொத்தான், 'பின்னால் வா', 'இங்கேயே நில்'. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவனை வாசலில் 'இங்கேயே நில்' என்று நிறுத்துவாள். தான் மட்டும் உள்ளே போய், அடிபட்டு, சுட்டு, எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து அவனைக் கூட்டிக்கொள்வாள். நல்ல கவசம் கிடைத்தால் அவனுக்குப் போட்டுவிடுவாள். மருந்தெல்லாம் அவன் பையில். துறைமுகத்திலும் பனிமலையிலும் அவன் வாசல் வாசலாக நின்றுகொண்டிருந்தான். அவன் மேல் ஒரு கீறல் கிடையாது. பார், பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டேன் என்று என்னிடம் பெருமை வேறு.

அணைக்கு வந்தோம். குடைக்காரனை வலது சக்கரத்துக்கு அனுப்பினாள். முதல் கொள்ளைக்காரன் ஒரு அடி அடித்தான், குடைக்காரன் விழுந்தான். சேவ் பண்ணின இடத்திலிருந்து மறுபடி ஆடினாள், மறுபடி விழுந்தான். கவசத்தை மாற்றினாள். விழுந்தான். அந்த விளையாட்டில் சண்டையில் கலந்துகொள்கிறவனுக்குத்தான் பலம் ஏறும். இவன் ஒரு சண்டையையும் பார்த்ததில்லை. கிளம்பிய அன்று எப்படி இருந்தானோ அப்படியேதான், மேலே போட்ட கவசம் மட்டும் புதுசு. அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவன் செத்துக்கொண்டே இருந்தான்.

"இவன் எதுக்குமே லாயக்கில்ல" என்று அக்கா மவுஸைத் தட்டினாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. ஒரு பொம்மை ஆளுக்காக அப்படிப் பொங்கினேன் என்று தபால்காரர் நினைத்திருப்பார்.

"எந்தச் சண்டையில அவனைச் சேர்த்தே? எல்லா இடத்துலயும் வாசல்ல நிக்க வச்சுட்டு, இப்ப லாயக்கில்லைன்னா அவன் என்ன பண்ணுவான்?"

"அடிபடக் கூடாதுன்னுதானே நிக்க வச்சேன்."

"என்னையும் அப்படித்தானே வச்சிருக்கே. நாப்பது வயசாச்சுக்கா எனக்கு. என் உடம்புல இருக்கறது என் கிட்னி. அதைக் குடுக்கறதா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும்."

சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அவள் லேப்டாப்பை மூடினாள். மிச்ச நேரம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். கிளம்பும்போது, நாளை மறுநாள் நீ வர வேண்டாம் என்றாள்.

அந்த நாளில் எனக்குப் பதில் என் மனைவி போனாள். நான் அனுப்பவில்லை, அவளே போனாள். என் மனைவி தையல்காரி. அளவெடுத்துத்தான் பேசுவாள், பேசினால் மாற்ற மாட்டாள். அங்கே அவள் சொன்னதை எனக்கு முதலில் சொன்னது தபால்காரர்தான்.

"அண்ணி, எங்களைக் காப்பாத்தறதுக்குத்தான் நீங்க வேண்டாங்கறீங்கன்னா, எங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வேண்டாம்னு சொல்லுங்க. எனக்கும் பயம்தான். யோசிச்சுட்டுத்தான் சரின்னேன். உங்களை இப்படியே விட்டுட்டா, அப்புறம் இவர் பழைய ஆளா இருக்க மாட்டார், நான் வாழப்போறது வேற ஒரு மனுஷனோட. அது எனக்கு வேண்டாம்."

அக்கா, அவன் சரியாகச் சாப்பிடுகிறானா என்று மட்டும் கேட்டாளாம். இல்லை என்றாளாம் இவள்.

அடுத்த முறை நான் போய் உட்கார்ந்தேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. ஊசி போட்டு முடித்ததும், மடிப்பலகையைத் தட்டி, "எடு" என்றாள். பழைய சேவ் ஒன்றைத் தேடித் திறந்தாள், துறைமுகத்துக்கும் முன்னால். அங்கிருந்து குடைக்காரனுக்கு 'பின்னால் வா' என்று அழுத்தினாள். முதல் சண்டையிலேயே அவன் காலில் குண்டு பட்டு நொண்டினான். அக்காவுக்கு மருந்து கொடுக்கக் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முறையை அவனுக்கே விட்டாள். அவன் தகட்டைத் தூக்கி ஒருவன் மண்டையில் போட்டான். தபால்காரர் கை தட்டினார், சிஸ்டர் அதட்டினார். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அவன் எத்தனை அடி வாங்கினானோ, அத்தனைக்கும் அக்காவின் கால் பலகையை மிதித்தது. ஆனால் ஒரு தரம்கூட 'இங்கேயே நில்' என்று அழுத்தவில்லை. எங்களுக்குள் வேறு பேச்சும் இல்லை. அவளுக்கு அந்த நாட்களில் மூச்சு அதிகமாக வாங்கியது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாது. ஆடாமல் மட்டும் இருக்கவில்லை.

மறுபடி அணை. இடது சக்கரத்தில் அவள், வலது சக்கரத்தில் குடைக்காரன். நடுவில் மேட்டிலிருந்து கொள்ளைக்காரர்கள் சுடுகிறார்கள். அவன் உயிர் குறைந்துகொண்டே வந்தது, சிவப்புக் கோடு சின்னப் புள்ளியாகிவிட்டது. அவள் முறை வந்தது. சக்கரத்தை விட்டு ஓடினால் அவனுக்கு மருந்து கொடுத்துவிடலாம், ஆனால் மதகு திறக்காது. சக்கரத்தைத் திருப்பினால், அடுத்து அவன் முறை வருவதற்குள் எதிரிகள் முறை ஒன்று இருக்கிறது. மவுஸ் நகரவே இல்லை. தபால்காரர் கழுத்தை எக்கிப் பார்த்தார். ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அக்கா சக்கரத்தைத் திருப்பினாள். எதிரிகள் சுட்டார்கள். இரண்டு குண்டு தகட்டில் பட்டுத் தெறித்தது, மூன்றாவது தவறிப்போயிற்று. குடைக்காரன் தன் சக்கரத்தைத் திருப்பினான். மதகு திறந்தது. தீப்பெட்டி ஆட்களுக்கு முன்னால் கட்டம் கட்டமாக நீலத் தண்ணீர் ஓடியது. கேவலமான தண்ணீர்தான். நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"இந்தப் பொம்மையைப் பாத்து மனசு மாறிட்டேன்னு நினைச்சுக்காதே."

நான் அப்படி நினைக்கவில்லை என்றேன்.

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, உன் கிட்னியை வச்சுக்கிட்டு நான் எப்படிடா உயிரோட இருப்பேன்? அதான். பெருந்தன்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயம்." மூச்சு வாங்கிவிட்டு மேலே சொன்னாள். "நீ இங்க என் பக்கத்துல இத்தனை நாளா உக்காந்திருக்கியே, உனக்கும் அதே பயம்தான்னு எனக்குத் தோணவே இல்ல. போய் டாக்டரம்மாகிட்ட டெஸ்ட் எப்பன்னு கேட்டுட்டு வா."

சோதனைகள் ஒரு பாட்டம் நடந்தன. என்னைக் குத்தினார்கள், படம் எடுத்தார்கள், ஓடவிட்டார்கள், படுக்கவைத்தார்கள். ஒவ்வொரு முடிவு வரும்போதும், சரியில்லை என்று ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று அக்கா உள்ளூர ஏங்கினாள் என்பது எனக்குத் தெரியும். வரவில்லை. எல்லாம் பொருந்தியது. கடைசியில் ஒரு குழு என்னைத் தனி அறையில் உட்கார வைத்து, கொடுக்கச் சொல்லி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டது. கொடுக்காதே என்றுதான் வருஷக்கணக்காகக் கட்டாயப்படுத்தினார்கள் என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்கள்.

அறுவை சிகிச்சை அன்று காலையில் எங்கள் இருவரையும் ஒரே அறையில் அடுத்தடுத்த கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். இருவருக்கும் பக்கவாட்டில் நாடா வைத்த பச்சை அங்கி. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, இதைத் தைத்தவன் கையை உடைக்க வேண்டும் என்றாள். அக்கா சிரித்தாள். ஜாடை மாறாமல் இரண்டு பேரும் ஒரே மாதிரி அசிங்கமாக இருக்கிறோம் என்றாள். வார்டு ஆள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அக்கா உடனே கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டாள்.

நீங்கள் இல்லை, கொடுக்கிறவர்தான் முதலில் என்று அவர் வண்டியை என் பக்கம் திருப்பினார். அதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியும் இருப்பார்கள், எங்கள் காதில் ஏறவில்லை. அக்கா எழுந்து வந்து வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் முதல்ல போறேனே" என்றாள் அவரிடம். அப்படி ஒரு குரலில் அவள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

"அவரோடதை எடுக்காம உங்களுக்கு எதைம்மா வைப்பாங்க?" என்றார் அவர், கொஞ்சம் இரக்கத்தோடுதான்.

நான் வண்டியில் ஏறிப் படுத்தேன். அக்கா என் அங்கியின் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். போட்ட முடிச்சை அவிழ்த்து இன்னொரு தரம் போட்டாள். பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"பயமா இருக்காடா?"

"இருக்கு" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும். போ."

வண்டி நகர்ந்தது. கதவு வரைக்கும் நான் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள், எங்கள் பின்னால் வரவில்லை.